விண்வழி கண்ட வித்தகர்

வானத்தை அண்ணாந்து நோக்கி வியவாத மக்கள் எந்நாட்டிலும் இலர். பறவையைக் கண்டு தாமும் பறக்க விழைந்தனர் முன்னோர். தண்மதியைக் கண்டு அங்குச் செல்லவும் விழைந்தனர். அவ்விழைவு பன்னூறு ஆண்டுகள் கதையாகவும் கனவாகவும் நிலவிற்று. அதனைக் கணக்காகவும் கருவியாகவும் மாற்றித் தந்த அறிஞர் மிகச் சிலர். உருசிய நாட்டுச் சியோல்கோவ்ஸ்கி, செருமானிய மொழியில் நூல் இயற்றிய ஓபெர்த், அமெரிக்க நாட்டுக் காடார்டு ஆகிய மூவரும் அவருள் தலையாயவர். திரவ எரிபொருளால் இயங்கும் இராக்கெட்டை முதன்முதல் வானிற் செலுத்திக் காட்டிய பெருமை இம் மூவருள் இராபர்ட் காடார்டு என்பவரையே சாரும்.

காடார்டு 1882 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5 ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கே உள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் பெயர் நாஹும். தாயார் பெயர் ஃபேனி. தம்பி ஒருவன் குழவிப் பருவத்திலேயே மறைந்தமையால், காடார்டு பெற்றோர்க்கு ஒரே மகனாக வளர்ந்தார். இளமையில் அவர்தம் உடல் நலிவுற்றிருந்தது. அடிக்கடி நோய்வாய்ப்பட்டுப் பள்ளி செல்ல இயலாது வீட்டிலேயே தங்கினார். அதனால் தம் வயதினரைக் காட்டிலும் படிப்பில் இரண்டாண்டு பின்தங்கினார். ஆயினும், அந்நாட்களை அவர் வறிதே கழித்தாரல்லர். நூலகத்திலிருந்து அறிவியல் நூல்களைக் கொணர்ந்து ஆர்வத்துடன் பயின்றார்.

சிறு பருவத்திலேயே அவர்தம் உள்ளம் ஆராய்ச்சியில் நாட்டங்கொண்டது. கம்பள விரிப்பின்மீது காலைத் தேய்த்து நடந்தால் மின்பொறி உண்டாதலைத் தந்தையார் ஒருநாள் மகனுக்குக் காட்டினார். அது கண்ட சிறுவர், மின்கலத்தினின்று எடுத்த துத்தநாகத் துண்டைக் கையிற் பற்றிக்கொண்டு, பருக்கைக்கல் பரப்பிய பாதையிற் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். பின்னர், உயரமில்லாத வேலியொன்றின்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். மின்னாற்றல் தம்மை முன்னினும் உயரத் தூக்கும் என்பது அவர்தம் எண்ணம். அதனைக் கண்ட அன்னையார், அம் முயற்சி பலித்துவிட்டால் மகன் வானிற் சென்று மீள வழியறியாது திகைக்க நேரும் என்று எச்சரித்தார். அவ்வளவில் சிறுவர் துத்தநாகத் துண்டை மறைத்து வைத்துவிட்டார். பின்னர்ப் பள்ளி மாணவராய் இருந்தபோது, அலுமினியத்தாற் பலூன் ஒன்று செய்து, அதனுள் ஹைடிரஜன் வாயுவை நிரப்பிப் பறக்கவிட முயன்றார். பல வாரம் உழைத்துச் செய்த அப் பலூன், எடை மிகுதியால் எழவேயில்லை. அவர் அதற்காக மனம் தளர்ந்திலர். தாம் செய்தவற்றையும் அதன் முடிவையும் ஏட்டில் முறையாகக் குறித்து வைத்தார். வென்றதையும் தோற்றதையும் ஒருங்கே எழுதிவைக்கும் இவ்வழக்கம் அவர்தம் வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை.

1899 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19 ஆம் நாள் அவர்தம் வாழ்வில் மறக்கவொண்ணாத நாளாயிற்று. அன்று, பதினேழு வயது இளைஞராகிய காடார்டு, வீட்டுக்குப் பின்புறம் நின்ற செர்ரி மரத்தில் ஏறிப் பட்ட கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய்க் கோளிலுள்ளோர் மண்ணுலகின்மேற் படையெடுத்து வருவதாக எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதையை அவர் முன்னரே படித்திருந்தார். மரத்தின்மேல் இருந்தவாறே கீழே பரந்து கிடந்த புல்வெளியை நோக்கியபோது, அங்கிருந்து செவ்வாயை நாடி எழுந்து செல்லும் கருவி ஒன்றைச் செய்தல் கூடுமாயின் எத்துணை வியப்பாகும் என்னும் எண்ணம் அவருள்ளத்தே முகிழ்த்தது. மரம் ஏறியவர் வேறு, இறங்கியவர் வேறு என்னும்படி அவர் மாறினார். தம் வாழ்வுக்கு ஒரு குறிக்கோள் கிடைத்ததாக உணர்ந்தார். அந்நாளை அவர் ஆண்டுதோறும் நினைவிற் கொண்டு போற்றினார்.

குறிக்கோள் உயர்ந்ததாயினும், அதனை அடையும் வழி கல்வியே என்பதனை அவர் தெளிந்திருந்தார். 1904 ஆம் ஆண்டில், தம் 21 ஆம் வயதில், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முதல் மாணவராக முடித்தார். பின்னர் வூஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1908 இற் பட்டம் பெற்றார். அந்நகரத்துக் கிளார்க் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்று 1911 இல் டாக்டர் பட்டமும் எய்தினார்.

அதன் பின்னர்ப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வருங்கால், 1913 ஆம் ஆண்டிற் காசநோய் அவரைப் பற்றிற்று. அவர் பல நாள் உயிர்வாழார் என்று மருத்துவர் கைவிட்டனர். ஆயினும், அவர் படுக்கையிற் கிடந்தவாறே தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மெல்ல மெல்ல நோயினின்றும் மீண்டார். 1914 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அரசாங்கம் அவருக்கு இரண்டு காப்புரிமைகளை வழங்கிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக இராக்கெட்டுகளை அமைத்து, எரிந்து தீர்ந்த பகுதியைக் கழற்றிவிட்டு எஞ்சியது மேற்செல்லுமாறு செய்யும் அடுக்கு முறை அவற்றுள் ஒன்று. திரவ எரிபொருளை இராக்கெட்டிற் பயன்படுத்தும் முறை மற்றொன்றிற் குறிக்கப் பெற்றது. பிற்காலத்தில் திங்களை அடைந்த பேரிராக்கெட்டும் இவ்விரு முறைகளையும் கொண்டே இயங்கிற்று.

இராக்கெட்டு காடார்டு காலத்திற் புதிதாய்த் தோன்றிய பொருளன்று. வெடிமருந்து திணித்த வாணத்தைச் சீனர் பல நூற்றாண்டுகட்கு முன்னரே செலுத்தினர். மைசூர் மன்னர் ஐதரலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயாலாகிய இராக்கெட்டுகளை ஆங்கிலேயர்க்கு எதிராகப் போரில் வழங்கினர். 1780 ஆம் ஆண்டிற் காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூரில் நிகழ்ந்த போரிலும் அவை பாய்ந்தன. மைசூர் இராக்கெட்டுகளைக் கண்ட பின்னரே ஆங்கில நாட்டுக் காங்கிரீவ் என்பவர் தம் நாட்டுப் படைக்கு அத்தகைய கருவிகளை ஆக்கினார். எனினும், இத்தகைய வாணங்களில் மருந்தின் ஆற்றலிற் பெரும் பகுதி வீணாயிற்று. நூற்றில் இரண்டு பங்கே இயக்கத்திற்குப் பயன்படுவதைக் காடார்டு அளந்தறிந்தார். எரிவாயு வெளிப்படும் வாய் முதலிற் குறுகிப் பின்னர் விரியுமாறு குழலை அமைத்தார். வாயு பன்மடங்கு விரைவுடன் பீறிட்டது. நூற்றுக்கு 60 பங்குக்கும் மேலான ஆற்றல் பயனாயிற்று.

இராக்கெட்டு இயங்கும் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நீரில் மிதக்கும் ஓடத்தினின்றும் ஒருவன் கரைக்குத் தாவுவானாயின், அவன் முன்னோக்கிச் செல்ல, ஓடம் பின்னோக்கிச் செல்லும். அதுபோலவே, எரிவாயு கீழ்நோக்கிப் பாய, இராக்கெட்டு மேல்நோக்கி எழுகின்றது. எச்செயலுக்கும் அதற்கு ஒப்பான எதிர்ச்செயல் உண்டு என்னும் நியூட்டன் விதியே இதற்கு அடிப்படை. காற்றை உந்தித் தள்ளி இராக்கெட்டு எழுவதில்லை. ஆதலின், காற்றில்லாத வெளியிலும் அது செல்லும். காடார்டு இதனைச் சொல்லளவில் விடுத்தாரல்லர். காற்றை வெளியேற்றிய கலத்தினுள் சிறு இராக்கெட்டுகளை எரித்துப் பார்த்து, அங்கே உந்தாற்றல் குறையாமையை மெய்ப்பித்தார்.

ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டுமன்றோ? 1917 ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 5,000 டாலர் உதவிற்று. தம் ஆராய்ச்சி முடிவுகளை அவர் ஒரு நூலாக வகுத்தார். மிகுந்த உயரத்தை எட்டும் வழி பற்றிய அந்நூலை அந்நிறுவனமே 1919 ஆம் ஆண்டில் அச்சிட்டது. போதிய ஆற்றலுடைய இராக்கெட்டு திங்களையும் சென்றடையும் என்று அதன் இறுதிப் பகுதியிற் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். செய்தித்தாள்கள் ஏனையவற்றை விடுத்து அவ்வொன்றையே பற்றிக்கொண்டன. நியூயார்க் டைம்ஸ் என்னும் நாளிதழ், 1920 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 13 ஆம் நாள் வெளியிட்ட தலையங்கத்தில், வெற்றிடத்தில் இராக்கெட்டு இயங்கும் எனக் கூறும் இப் பேராசிரியர் பள்ளிச் சிறுவரும் அறிந்ததனை அறியாதவர் என்று இகழ்ந்தது. தாம் ஆய்ந்து கண்ட உண்மை நகைப்புக்கு இடமாயினமை கண்டு காடார்டு நெஞ்சம் நொந்தார். அன்று முதல் தம் ஆராய்ச்சியைப் பிறர் அறியாவண்ணம் செய்யத் தலைப்பட்டார்.

வெடிமருந்து ஒருமுறை பற்றிக்கொண்டால் அதனை அடக்குதல் அரிது. திரவ எரிபொருளோ குழாய் வழியே வேண்டுமளவு செலுத்தத் தக்கது, ஆற்றலும் மிக்கது. ஆதலின், 1921 ஆம் ஆண்டு முதல் காடார்டு பெட்ரோலையும் திரவ ஆக்சிஜனையும் கொண்டு ஆராய்ந்தார். திரவ ஆக்சிஜன் பனிக்கட்டியினும் பன்மடங்கு குளிர்ந்தது. சுழியத்திற்குக் கீழ் 183 பாகைக் குளிர்ச்சியுடையது. எரியறையோ உலோகமும் உருகும் வெம்மையது. இவ்விரண்டையும் ஒரு சிறு கருவியில் அருகருகே அமைத்தல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குழாய் வெடித்தது, எரியறை உருகியது, மீண்டும் மீண்டும் அவர் புதிதாய்ச் செய்தார்.

1926 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16 ஆம் நாள், ஆபர்ன் என்னும் சிற்றூரில் உறவினர் ஒருவரது பண்ணைக்குக் காடார்டு சென்றார். நிலமெங்கும் பனி மூடிக் கிடந்தது. உடன் இருந்தோர் மூவரே: அவர் மனைவியார் எஸ்தர், பௌதிக ஆசிரியர் பெர்சி ரூப், கருவி செய்வதில் வல்ல ஹென்றி சாக்ஸ். இரும்புச் சட்டத்தில் நின்ற இராக்கெட்டின் உயரம் ஏறத்தாழ 10 அடி. எரிபொருள் நிரப்பிய பின்னும் அதன் எடை ஏறத்தாழ 10 இராத்தலே. எரியறை உச்சியிலும், எரிபொருட் கலங்கள் கீழும் அமைந்திருந்தன. நீண்ட கழியின் நுனியிற் கட்டிய தீக்கருவியாற் சாக்ஸ் அதனைப் பற்றவைத்தார். பெரும் ஒலி எழுந்தது, இராக்கெட்டோ அசையவில்லை. சில நொடிகள் சென்றன. எரிபொருள் குறைந்து எடை தணிந்ததும் அது மெல்ல எழுந்தது. பின்னர் விரைந்து பாய்ந்து, ஒருபுறம் சாய்ந்து, அருகிலிருந்த தோட்டத்திற் பனியின்மீது வீழ்ந்தது. சலனப்படக் கருவியுடன் நின்ற எஸ்தர் அம்மையார் அக்காட்சியைப் படமெடுக்க முயன்றார். இராக்கெட்டு எழுவதற்குள் கருவியின் விசை ஓய்ந்துவிட்டது. அது வானில் இருந்த நேரம் 2½ நொடி. எழுந்த உயரம் 41 அடி. சென்ற தொலைவு 184 அடி.

நாற்பத்தோரடி என்பது ஒரு தென்னையின் உயரத்திற்கும் குறைவானதாகலாம். சிறுவர் ஏவும் வாணமும் அதனினும் உயரச் செல்லும். ஆயினும், செயலின் அருமையை அடிக்கோலால் அளத்தல் பொருந்தாது. ரைட் உடன்பிறந்தார் 1903 ஆம் ஆண்டில் முதன்முதல் ஓட்டிய விமானமும் 12 நொடியில் 120 அடியே பறந்தது. எரியறை உச்சியில் இருப்பின் இராக்கெட்டு நேரே செல்லும் என்று கருதியது பிழை என்பதனையும் காடார்டு அறிந்து, பின்னர் அதனை அடிப்பகுதிக்கு மாற்றினார்.

1929 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், காற்றழுத்தமானியும் வெப்பமானியும் நிழற்படக் கருவியும் தாங்கிய இராக்கெட்டு ஒன்றை ஏவினார். அதன் பேரொலி கேட்ட அண்டையூரார், விமானம் ஒன்று வீழ்ந்ததெனக் கருதி ஓடிவந்தனர். திங்களுக்கு ஏவியது தவறிற்று எனச் செய்தித்தாள்கள் மீண்டும் எள்ளின. தீ விபத்துத் தடுப்பு அதிகாரி, அம்மாநிலத்தில் இனி இராக்கெட்டு ஏவலாகாது எனத் தடை விதித்தார். ஆனால் அச்செய்தி, அட்லாண்டிக் மாகடலைத் தனியே விமானத்திற் கடந்து புகழ்பெற்ற லிண்டுபெர்க் செவிக்கு எட்டிற்று. அவர் காடார்டை நேரிற் கண்டு, அவர்தம் பெருமையை உணர்ந்து, டேனியல் குகன்ஹைம் என்னும் செல்வர் வாயிலாகப் பொருளுதவி கிடைக்கச் செய்தார்.

1930 ஆம் ஆண்டிற் காடார்டு, நாட்டின் தென்மேற்கிலுள்ள நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் நகருக்குக் குடிபெயர்ந்தார். அது மழை குறைந்த பரந்த வெளி; மக்கள் நெருக்கமில்லாத இடம். மனைவியாரும் சில தொழிலாளரும் துணைநிற்க, அங்கே அவர் அரும்பாடுபட்டார். அவ்வாண்டின் இறுதியில் அவர் செலுத்திய இராக்கெட்டு 2,000 அடி உயர்ந்தது. பம்பரம்போற் சுழலும் சக்கரக் கருவியை இராக்கெட்டினுள் அமைத்து, அது சாயும்போதெல்லாம் நேராக்கும் முறையைக் கண்டார். 1935 ஆம் ஆண்டில் அத்தகைய இராக்கெட்டு 4,800 அடி உயர எழுந்தது. 1937 ஆம் ஆண்டில் ஒன்று 8,000 அடிக்கும் மேல் சென்றது. ஏவியவற்றைப் பாராசூட்டினால் இறக்கி மீட்கவும் முயன்றார். 1926 முதல் 1941 வரை அவர் செலுத்தியவை 34. அவற்றுள் பல சட்டத்தைவிட்டு எழுந்தவுடன் சாய்ந்தன, சில வெடித்தன. ஒவ்வொன்றின் குறையும் அன்றன்றே நாட்குறிப்பில் ஏறிற்று. ஒவ்வொரு குறையும் அடுத்த கருவியின் திருத்தமாயிற்று.

காடார்டிடத்து ஒரு குறையும் காணப்படுகின்றது. பிறர் நகைத்தமையால் நொந்த அவர், பிற அறிஞருடன் கூடி உழைக்க இசைந்திலர். செருமனியில் அறிஞர் பலர் ஒருங்கு கூடி, அரசின் பெரும் பொருளுதவியுடன், 50 மைலுக்கு மேலும் உயர்ந்து செல்லும் வி-2 இராக்கெட்டை ஆக்கினர். தனி ஒருவர் சிறு பொருள் கொண்டு செய்த முயற்சி அத்துணை விரைவில் வளர்தல் இயலாதாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் அமெரிக்கக் கடற்படைக்குப் பணிபுரிந்தார். பின்னர்த் தொண்டையிற் புற்றுநோய் தோன்ற, 1945 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10 ஆம் நாள் பால்டிமோர் நகரில் மறைந்தார். அவர் கண்ட கனவில் நூறிலொரு பங்கும் அன்று நனவாகவில்லை.

எஸ்தர் அம்மையார் கணவரின் குறிப்புகளைத் தொகுத்துப் பேணி, எஞ்சிய கண்டுபிடிப்புகளுக்கும் காப்புரிமை பெற்றார். அவை அனைத்தும் 214 ஆயின. 1959 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நிறுவிய விண்வெளி ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குக் காடார்டு பெயரே சூட்டப் பெற்றது. மறு ஆண்டில், அவர்தம் காப்புரிமைகளைப் பயன்படுத்தியமைக்காக அரசு 10 இலட்சம் டாலர் ஈந்தது. 1969 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16 ஆம் நாள் அப்பல்லோ-11 திங்களை நோக்கிப் புறப்பட்டது. மறுநாளே, 49 ஆண்டுகட்கு முன்னர்க் காடார்டை இகழ்ந்த அதே நாளிதழ், தன் கூற்றுப் பிழையென ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

செர்ரி மரத்தின்மேல் இளைஞர் ஒருவருக்குத் தோன்றிய ஆர்வம், பின்னாளில் இளைஞர் பலருடைய பொழுதுபோக்காகவும் மலர்ந்தது. 1957 ஆம் ஆண்டில் உருசியர் முதற் செயற்கைக்கோளை ஏவியபோது, அமெரிக்கச் சிறுவர் பலர் இரும்புக் குழாய்களில் வெடிமருந்தைத் தாமே திணித்து ஏவ முற்பட்டுப் புண்பட்டனர். சிலர் உயிரும் இழந்தனர். நெப்ராஸ்காவிற் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர், தாளாலாகிய உருளையும் இலேசான மரச் சிறகுகளும் உடைய மாதிரி இராக்கெட்டை முன்னரே வகுத்திருந்தார். நியூ மெக்சிகோவில் இராக்கெட்டு ஏவுதளத்திற் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் என்பவர் அவருடன் சேர்ந்து அதனை நாடெங்கும் பரப்பினார். மருந்தைக் கையால் திணித்தல் கூடாது. தொழிற்சாலையில் அளவாகச் செய்த சிறு பொறியையே பொருத்துதல் வேண்டும். எட்ட நின்று மின்கம்பியாற் பற்றவைத்தல் வேண்டும். திறந்த வெளியிற் பெரியோர் துணையுடன் ஏவுதல் வேண்டும் என்று விதிகள் வகுத்தனர். அச்சிறு இராக்கெட்டு சில நூறு அடி உயர்ந்து, பாராசூட்டு விரிய மெல்ல இறங்கும். குறுகிய வாய் வழியே வாயு பீறிடுதலும், நேரே செல்லுதற்குரிய அமைப்பும், கெடாது மீளும் வழியுமாகிய காடார்டின் ஆராய்ச்சிப் பொருள்கள் மூன்றும் அவ்விளையாட்டுக் கருவியினுள் அடங்கியுள்ளன.

ஆபர்னில் அப் பண்ணை இருந்த இடத்தில் இன்று நினைவுக்கல் ஒன்று நிற்கின்றது. திங்களுக்குச் சென்ற வழி அங்கே, அந்த 41 அடியில் தொடங்கிற்று. உடல் நோயும், உலகோர் நகைப்பும், பொருட் குறைவும், தோல்வியும் ஒருங்கே எதிர்த்தபோதும், கண்டதை அளந்து, பிழையைக் குறித்து, மறுநாள் திருத்தி முயன்றவர் காடார்டு. பெருஞ்செயல் புரிய விரும்பும் இளைஞர் அவரிடம் கற்கத் தக்கது இவ்வொழுக்கமேயாகும்.